உழைக்கும் மக்களும் தொலைநிலைப் பட்டக் கல்வியும்: மும்பைத் தமிழர் நிலை

கல்லூரிக்குச் செல்ல வேண்டிய வயதில் தொழிற்கூடத்திற்கோ, கடைக்கோ, அலுவலகத்திற்கோ செல்ல நேர்ந்தவர்கள் பின்னாளில் பட்டம் பெற வழி உண்டா என்னும் வினா நமது கல்வித் திட்டத்திற்குப் புதிதன்று. டாக்டர் டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் 1964-66-ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கல்விக் குழு இவ்வினாவை நேராக எதிர்கொண்டது. 1986-ஆம் ஆண்டிற்குள் உயர்கல்வி பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அஞ்சல்வழிப் பாடங்கள் மூலமாகவும் மாலைக் கல்லூரிகள் மூலமாகவும் கற்க வேண்டும் என அது பரிந்துரைத்தது.

அகில இந்திய உயர்கல்வி அளவாய்வின்படி, 2020-21-ஆம் ஆண்டில் உயர்கல்வியில் சேர்ந்திருந்தோர் ஏறத்தாழ 4.14 கோடிப் பேர். இவர்களுள் தொலைநிலைக் கல்வி பயின்றோர் 45.71 லட்சம், அவர்களிலும் 20.9 லட்சம் பேர் பெண்கள். அதாவது ஒன்பதில் ஒரு பங்கினரே இவ்வழியில் பயின்றனர். மாலைக் கல்லூரி மாணவர்கள் இதில் தனியாகக் காட்டப்படவில்லை எனினும், குழு கண்ட கனவிற்கும் நடைமுறைக்கும் இடையேயுள்ள தொலைவு இதனால் விளங்கும்.

கதவு திறந்திருந்தும் உள்ளே வருவோர் குறைவாக இருப்பதற்குக் காரணங்கள் பல. வந்தவர்களும் நடுவழியில் நின்றுவிடுவதற்கான காரணங்களுள் பெரும்பாலானவை முதல் பாடநூல் கைக்கு வருவதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. சேரும் நிறுவனம், கையிலுள்ள சான்றிதழ்கள், பயிற்று மொழி, வாரத்தில் ஒதுக்கக்கூடிய நேரம் ஆகிய நான்கையும் தொடக்கத்திலேயே சரிபார்த்தவர் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மிகுதி. மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ் மக்களின் நிலையைக் கொண்டு இதனை ஆராயலாம்.

மூன்று பகுதிகள், மூன்று வகை உழைப்பு

தாராவியில் தமிழர் குடியேற்றம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலோடு தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் இங்கே பெருந்தொகையினர். 1971-ஆம் ஆண்டில் பாந்த்ராவிலிருந்த இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாற்றப்பட்ட பின்னர், தோல் பதனிடும் தொழில் படிப்படியாகச் சுருங்கியது. தோல் பொருள்கள் தைத்தல், ஆயத்த ஆடை, பழம்பொருள் பிரித்தல், முறுக்கு முதலிய தின்பண்டங்கள் செய்தல், விடியலுக்கு முன் இட்டிலி அவித்து நகரெங்கும் கொண்டு சென்று விற்றல் ஆகியவை இன்று இப்பகுதித் தமிழரின் பிழைப்பு வழிகளுள் முக்கியமானவை. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு நிலையான வேலை நேரம் இல்லை.

மாதுங்காவின் நிலை வேறு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ஆம் ஆண்டில் தோன்றியது இங்கேதான். அச்சங்கத்தின் கல்லூரி 1960-ஆம் ஆண்டில் அருகிலுள்ள சயானில் தொடங்கப்பெற்றது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்த ஒரு தலைமுறையை இப்பகுதி வளர்த்தது. ஆனால் கணிப்பொறி வந்தபின் தட்டச்சுத் தகுதி மட்டும் போதவில்லை. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கும் இன்று பட்டம் தேவைப்படுகிறது.

செம்பூரையும் அதனையடுத்த மாகுல், டிராம்பே பகுதிகளையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், உரத் தொழிற்சாலையும், பாபா அணு ஆராய்ச்சி மையமும் சூழ்ந்துள்ளன. இங்கு நிரந்தரப் பணியாளரும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளரும் உண்டு. முறைமாற்றுப் பணியில் இருப்பவருக்கு ஒரு வாரம் பகலும் மறுவாரம் இரவும் வேலை. மாலைக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவரால் ஒழுங்காக வகுப்பிற்குச் செல்ல இயலாது. தொலைநிலைக் கல்வி இத்தகையோருக்கென்றே அமைந்தது எனலாம்.

வளர்ச்சி வரலாறு

உழைப்போருக்கு ஏற்றவாறு கல்வியின் நேரத்தை மாற்றும் முயற்சியில் மும்பைக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. டாக்டர் அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946-ஆம் ஆண்டில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது. அலுவலகம் செல்வோர் வேலைக்கு முன் கற்கும்பொருட்டு அங்குக் காலை நேர வகுப்புகள் நடத்தப்பட்டன. இரவுப் பள்ளிகளும் இந்நகரில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன.

இடத்தையும் நேரத்தையும் ஒருங்கே தளர்த்தியது அஞ்சல்வழிக் கல்வி. லண்டன் பல்கலைக் கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே வெளிமாணவர்களுக்குத் தேர்வு நடத்தத் தொடங்கியது. இந்தியாவில் டில்லிப் பல்கலைக் கழகம் 1962-இல் முதல் அடி எடுத்து வைத்தது. மதுரைப் பல்கலைக் கழகமும் பம்பாய்ப் பல்கலைக் கழகமும் 1971-இல் அஞ்சல்வழிப் பிரிவுகளை ஏற்படுத்தின. அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979-இலும் சென்னைப் பல்கலைக் கழகம் 1981-இலும் இவ்வழியைப் பின்பற்றின.

இதற்கிடையில் பிரிட்டனில் 1969-இல் நிறுவப்பெற்ற திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. அம்முறையைத் தழுவி ஆந்திரப் பிரதேசத்தில் 1982-இல் இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தோன்றியது. நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், மகாராஷ்டிரத்தில் 1989-இல் நாசிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட யஷ்வந்த்ராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் நிறுவப்பெற்றன. பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் அஞ்சல்வழிப் பிரிவு பெயரும் வடிவமும் மாறி, தொலைநிலை மற்றும் இணையவழிக் கல்வி மையமாகக் கலினா வளாகத்தில் இயங்குகிறது. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இது எட்டாத தொலைவன்று.

ஏற்புடைமை: முதல் சோதனை

தொலைநிலையில் பெற்ற பட்டம் வேலைக்கு உதவாது என்னும் எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இது சரியன்று. பல்கலைக் கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஏற்புப் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள், நேர்முறைப் பட்டங்களுக்கு இணையானவை. இதனை அக்குழு 2022-ஆம் ஆண்டில் மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆயினும் இவ்விணைத்தகுதி சில வரையறைகளுக்கு உட்பட்டது. சேருவதற்கு முன் மாணவர் அவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, பல்கலைக் கழகத்திற்கு ஏற்பு இருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட பாடத்திட்டத்திற்கும் குறிப்பிட்ட கல்வியாண்டிற்கும் அனுமதி இருக்க வேண்டும். அப்பட்டியலை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடுகிறது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம் முதலிய படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் உரிய ஒப்புதலின்றி அஞ்சல்வழியில் அளித்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்க மறுத்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற பட்டம் ஒரே தீர்ப்பில் பயனற்றுப் போகக்கூடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, ஆட்சி எல்லை. மும்பைத் தமிழரை இது நேரடியாகப் பாதிக்கிறது. ஒரு காலத்தில் பல மாநிலப் பல்கலைக் கழகங்கள் தம் எல்லைக்கு வெளியேயும் படிப்பு மையங்களை வைத்திருந்தன. இன்றைய விதிகளின்படி மாநிலப் பல்கலைக் கழகம் ஒன்று தன் மாநில எல்லைக்குள் மட்டுமே தொலைநிலைக் கல்வியை நடத்தலாம். ஆகவே, தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றின் மையம் எனப் பெயர்ப்பலகை தாங்கி மும்பைத் தெருவில் ஒரு நிறுவனம் மாணவர் சேர்க்கை நடத்துமாயின், அங்குப் பணம் கட்டுவது பேரிடர். பிறரிடம் உரிமம் விட்டுக் கல்வி நடத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளது. தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்திற்கு நாடு முழுவதும் எல்லை. அனுமதி பெற்ற இணையவழிப் பாடத்திட்டங்களுக்கும் மாநில எல்லை தடையாக இல்லை.

மூன்றாவது, அடிப்படைத் தகுதி. முறையான முதல் பட்டம் இன்றித் திறந்தநிலை வழியில் நேரே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்னும் படிகளைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழிகள் பின்னர் பதவி உயர்வின்போது இடையூறாக வந்து நிற்கும். பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்துக்கொள்ளலாம். அங்கு ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டுகளுக்குள் 9 முறை வரை தேர்வெழுத வாய்ப்புண்டு. வேலை செய்வோருக்கு ஏற்ற ஏற்பாடு இது.

‘ஓராண்டில் பட்டம்’ என விளம்பரம் செய்வோரை நம்பலாகாது. குறைந்தபட்சக் காலத்தைக் குறைத்து எந்தப் பல்கலைக் கழகமும் மூன்றாண்டுப் பட்டத்தை ஓராண்டில் வழங்க இயலாது.

சான்றிதழ்களும் பெயர்களும்

பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்தோரின் கல்விச் சான்றுகள் பெரும்பாலும் ஊரில் தங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் மகாராஷ்டிரப் பல்கலைக் கழகம் ஒன்றில் சேரும்போது மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் இடப்பெயர்ச்சிச் சான்றிதழையும் அளித்துத் தகுதி உறுதி பெற வேண்டும். இவற்றைச் சேர்க்கை தொடங்கிய பின் தேடுவதைவிட, சில மாதங்களுக்கு முன்பே பள்ளியிலிருந்தும் தேர்வுத் துறையிலிருந்தும் பெற்று வைத்தல் நலம்.

பெயர் எழுதும் முறையில் தோன்றும் சிக்கல் தமிழருக்கே உரியது. தமிழ்நாட்டுச் சான்றிதழில் தலைப்பெழுத்தும் பெயரும் இருக்கும். மகாராஷ்டிரத்தில் குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை பெயர் என்னும் வரிசை வழங்குகிறது. ஆதார் அட்டையில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகவும், வேறோர் ஆவணத்தில் ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகவும் பதிவாகியிருப்பது உண்டு. திருமணத்திற்குப்பின் பெண்களின் பெயர் மூன்றாம் வடிவம் பெறுகிறது. தொலைநிலையில் சேரும் ஒவ்வொருவரும் 2024-25-ஆம் கல்வியாண்டு முதல் மானியக் குழுவின் தளத்தில் தனி அடையாள எண் பெறவேண்டியுள்ளது. இதற்குக் கல்விப் புள்ளி வங்கியின் கணக்கும், அதற்கு ஆதாரும் அடிப்படையாகின்றன. ஆவணங்களில் பெயர் ஒத்திராவிடில் தொடக்கத்திலேயே தடை ஏற்படும். அரசிதழ் வாயிலாகப் பெயர் மாற்றம் அறிவிக்கும் முறையும் ஆதார்த் திருத்த மையங்களும் இதற்குத் தீர்வளிக்கும். ஆனால் அவற்றிற்கும் காலம் தேவை.

பயிற்று மொழி

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவருகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. எனினும் பெரும்பாலான தமிழ்ப் பள்ளிகள் தொடக்க, நடுநிலை வகுப்புகளோடு நின்றுவிடுகின்றன. அதன்பின் மாணவர் ஆங்கிலத்திற்கோ வேறு மொழிக்கோ மாற நேரிடுகிறது. பட்டப்படிப்பிலும் இதே நிலை தொடர்கிறது. மும்பைப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலமும் மராட்டியும், நாசிக் பல்கலைக் கழகத்தில் பெரிதும் மராட்டியும், தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும் பயிற்று மொழிகளாக உள்ளன. தமிழ்வழிப் பாடநூல்களை உடைய தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகங்களின் தொலைநிலைக் கல்வியோ, மேலே கூறிய எல்லை விதியால் மும்பைக்கு வருவதில்லை.

எனவே, தமிழ்வழியில் பயின்று மும்பையில் வேலை செய்பவர் பாடத்தோடு மொழியையும் சேர்த்தே கற்கவேண்டியவராகிறார். அவர் நீண்டநாள் பேசிப் பழகிய மொழி இந்தியாகவோ மராட்டியாகவோ இருக்கலாம்; ஆனால் பேசும் மொழியில் கட்டுரை எழுதுவது வேறு திறன். சேருவதற்கு முன் நூலகத்திலோ இணையத்திலோ கிடைக்கும் முதலாண்டுப் பாடநூலின் ஓர் அலகை எடுத்துப் படித்து, அதன் சுருக்கத்தை அதே மொழியில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தல் நல்ல சோதனை. அது இயலாதாயின், ஆறு மாத காலம் மொழிப் பயிற்சிக்குச் செலவிட்டு அடுத்த பருவத்தில் சேருவது இழப்பாகாது. தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் ஜனவரி, ஜூலை என ஆண்டிற்கு இரு சேர்க்கைப் பருவங்கள் இருப்பது இதற்கு வசதியாகும்.

நேரக் கணக்கு

தொலைநிலைக் கல்வியின் கட்டணம் குறைவு என்பது உண்மை. ஆனால் மாணவர் செலுத்தும் பெரிய கட்டணம் நேரமே. தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் ஒரு கிரெடிட் என்பதனை 30 மணி நேரக் கற்றலாகக் கணக்கிடுகிறது. மானியக் குழு 2022-இல் வெளியிட்ட பாடத்திட்ட வரைவின்படி மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட்டுகள் தேவை. இரண்டையும் பெருக்கினால் 3,600 மணி நேரம் வருகிறது.

இதனை மூன்றே ஆண்டுகளில் முடிக்க எண்ணுபவர் வாரந்தோறும் 23 மணி நேரம், அதாவது நாள்தோறும் ஏறத்தாழ 3 மணி 20 நிமிடம் படிக்கவேண்டும். ஆறு ஆண்டுகளில் முடிக்கத் திட்டமிட்டால் வாரத்திற்கு ஏறத்தாழ 11½ மணி நேரம், நாளொன்றுக்கு 1 மணி 40 நிமிடம் போதும். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை நீட்டித்து முடிக்கும் வாய்ப்பினைத் திறந்தநிலைக் கல்வி அளிப்பது இதன்பொருட்டே. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்டிலி வியாபாரம் செய்பவரோ, வீட்டு வேலையும் தையல் வேலையும் சேர்ந்து பார்க்கும் பெண்ணோ மூன்றாண்டுத் திட்டத்தில் தோல்வியுறுவது திறமைக் குறைவினால் அன்று. கணக்குத் தவறினால் ஆகும். ஆறாண்டுத் திட்டம் அவருக்கு உகந்தது.

ஒப்படைப்புகளையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் பொதுவாக ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடும் பருவ இறுதித் தேர்விற்கு 70 விழுக்காடும் மதிப்பு உண்டு. ஒப்படைப்புகளை உரிய நாளில் அளிக்கத் தவறியவர்கள் தேர்வு எழுதியும் அப்பாடத்தை முடிக்க இயலாமல் போகிறது. வேலைப்பளு குறைந்த வாரங்களில் இவற்றை எழுதி முடிப்பது அறிவுடைமை.

இடையில் நிறுத்த நேர்ந்தாலும் முயற்சி முழுவதும் வீணாகும் நிலை இப்போது மாறிவருகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டு முடித்தவருக்குச் சான்றிதழும், ஈராண்டு முடித்தவருக்குப் பட்டயமும் வழங்க வழிவகுத்துள்ளது. 2021-இல் தொடங்கப்பெற்ற கல்விப் புள்ளி வங்கி, மாணவர் ஈட்டிய கிரெடிட்டுகளைப் பிற்காலப் பயனுக்காகச் சேமித்து வைக்கிறது.

படிப்பதற்கு ஓர் இடம்

ஒற்றையறை வீட்டில் ஐந்தாறு பேர் வாழும் குடும்பத்தில் நாள்தோறும் 1 மணி 40 நிமிடம் அமைதி கிடைப்பது அரிது. மும்பை மக்கள் இதற்குத் தாமே வழி கண்டுள்ளனர். வொர்லியில் ஒரு தெரு, விளக்கொளியில் மாணவர்கள் கூடிப் படிப்பதால் ‘அப்யாஸ் கல்லி’, அதாவது படிப்புச் சந்து, எனவே பெயர் பெற்றுவிட்டது. ‘அப்யாசிகா’ எனப்படும் படிப்பறைகளும் நகரின் பல பகுதிகளில் உள்ளன. குடியிருப்புகள் நெருங்கிய பகுதிகளில் இவற்றின் தேவை மிகுதி. தாராவி மறுசீரமைப்புப் போன்ற பெருந்திட்டங்களில் குடியிருப்பும் தொழிற்கூடமும் திட்டமிடப்படும்போது, இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும் படிப்பறைகளும் திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும்.

அலுவலர்கள் செய்யக்கூடியவை

தொலைநிலைக் கல்வி மாணவர் தனித்து உழைப்பவர். வகுப்புத் தோழர் இல்லை. சந்தேகம் கேட்க ஆசிரியர் அருகில் இல்லை. ஆகவே, நிர்வாகத்தின் சிறு உதவியும் இவருக்குப் பெரும் பயன் விளைவிக்கும். அனுமதி பெற்ற பாடத்திட்டங்களின் பட்டியலைத் தமிழிலும் மராட்டியிலும் அச்சிட்டு வார்டு அலுவலகங்களிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் வைத்தல் முதற்பணி. சேர்க்கைப் பருவங்களுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் சான்றிதழ், பெயர்த் திருத்த உதவி முகாம்களை நடத்தலாம். இடப்பெயர்ச்சிச் சான்றிதழ் பெறுவதில் தமிழ்நாட்டுக் கல்வித் துறையுடன் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தால், தொழிலாளி ஒருவர் ஊருக்குச் சென்றுவரும் செலவும் இழக்கும் கூலியும் மிச்சமாகும்.

வேலையளிப்போர் பங்கும் உண்டு. அரசு அலுவலர்கள் படிப்பில் சேருமுன் துறையின் அனுமதி பெறுவது நடைமுறை. அவ்வனுமதியைத் தாமதமின்றி வழங்குதல் மேலதிகாரியின் கடமை. முறைமாற்றுப் பணியுள்ள ஆலைகளில் ஜூன், டிசம்பர் மாதத் தேர்வு நாள்களை முன்கூட்டியே கேட்டறிந்து பணிமுறையை அமைத்தால், ஒரு நாள் வேலைக்காக ஒரு பருவத்தை இழக்கும் நிலை தவிரும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இவ்வசதி கிடைக்குமாறு செய்தல் வேண்டும். அவர்களுக்கே பட்டத்தின் தேவை மிகுதி.

கல்லூரிக்குச் செல்ல இயலாதவரிடம் கல்லூரியே செல்லவேண்டும் என்னும் கோட்பாட்டினை இந்நாடு 1962-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. பாடநூல் இன்று தாராவியின் ஒற்றையறை வீட்டிற்கும் செம்பூரின் தொழிலாளர் குடியிருப்பிற்கும் சென்று சேருகிறது. அதனை விரித்துப் படிப்பதற்குரிய மொழித்திறனும், நேரமும், இடமும் அவ்வாறே சென்று சேருமாயின், கோத்தாரிக் குழு குறித்த மூன்றில் ஒரு பங்கு என்னும் இலக்கு எட்டாத ஒன்றன்று.